ரீஸ்டார்ட் பண்ணிட்டீங்க, சரி... ‘கோர் டம்ப்’ எடுத்தீங்களா?

பழனியை அடுத்த பாலசமுத்திரத்தில் ஒருவர் பத்து சென்ட் இடம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல நாள் பார்த்து டோக்கன் போட்டாச்சு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் ஆன்லைனில் கட்டியாச்சு. விற்பவர், வாங்குபவர், இரண்டு சாட்சிகள், டாக்குமென்ட் ரைட்டர் என ஐந்து பேர் சார்பதிவாளர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பதினோரு மணிக்கு உள்ளேயிருந்து குரல் வருகிறது: “சர்வர் டவுன். கொஞ்ச நேரம் வெயிட் பண்ணுங்க.”

ராகு காலத்துக்குள் சர்வர் வந்துவிடுமா என்பதுதான் இப்போது எல்லோருக்கும் கவலை. முக்கால் மணி நேரம் கழித்து “வந்துருச்சு, வாங்க” என்கிறார்கள். அப்பாடா என்று எழுந்து போகிறோம். ஏன் போச்சு, எப்படி வந்துச்சு, அடுத்த முகூர்த்த நாளில் மறுபடியும் போகுமா? யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் ஆள் அங்கே இல்லை.

இது கற்பனைதான். ஆனால் பத்திரப்பதிவு, ரேஷன் கடை, இ-சேவை மையம், வங்கி என்று எங்காவது வரிசையில் நின்றிருந்தால் இது உங்களுக்குப் புதிதாக இருக்காது. மழை வந்தது, நின்றது என்பதுபோல சர்வர் போனதையும் வந்ததையும் ஏற்றுக்கொள்ளப் பழகிவிட்டோம்.

சர்வர் ஏன் விழுந்தது என்பதற்குப் பதில் கிடைக்காமல் போக பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று ரொம்பச் சின்னது. அந்தப் பதிலைத் தாங்கிய கோப்பே உருவாகாதபடி செட்டிங் இருப்பது. அந்தக் கோப்பின் பெயர் கோர் டம்ப். மக்களின் பணத்தையும் ஆவணத்தையும் தாங்கும் டேட்டாபேஸ் சர்வர்களில் இதை ஆன் செய்ய வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், படிக்க வேண்டும், படித்துத் தெரிந்த காரணத்தை வெளியே சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்.

‘சர்வர் டவுன்’ ஒரே நோயா?

இல்லை. காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் அது டெங்குவா, டைபாய்டா, சாதா சளியா என்று பார்ப்பார் அல்லவா? ‘சர்வர் டவுன்’ என்பதும் அப்படி ஒரு அறிகுறிதான். இன்டர்நெட் லைன் அறுந்திருக்கலாம். டிஸ்க் நிரம்பியிருக்கலாம். ஒரே நேரத்தில் அளவுக்கு மீறி ஆட்கள் உள்ளே வந்திருக்கலாம். முகூர்த்த நாட்களில் தமிழகப் பதிவுத்துறை ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு 100-க்குப் பதில் 150 டோக்கனும், இரண்டு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு 200-க்குப் பதில் 300 டோக்கனும் ஒதுக்குவது வழக்கம். அதாவது நல்ல நாள் என்றால் லோடு ஒன்றரை மடங்கு ஏறும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்.

இவை தவிர இன்னொரு வகை இருக்கிறது. டேட்டாபேஸ் மென்பொருளே ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று செத்து விழுவது. மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் எதுவாக இருந்தாலும் அது அடிப்படையில் ஒரு புரோகிராம். தனக்குச் சொந்தமில்லாத மெமரி பகுதியை அது தொட முயன்றால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் சும்மா விடாது. ‘சிக்னல் 11’ அனுப்பி அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். இதைத்தான் செக்மென்டேஷன் ஃபால்ட் என்கிறார்கள். சில நேரம் புரோகிராமே “என் கணக்கு எனக்கே இடிக்கிறது, இனி ஓடினால் டேட்டா கெட்டுவிடும்” என்று முடிவெடுத்து ‘சிக்னல் 6’ மூலம் தானாக நின்றுகொள்ளும்.

விழுந்த சில நொடிகளில் காவலுக்கு இருக்கும் இன்னொரு புரோகிராம் அதைத் திரும்ப எழுப்பிவிடும். டேட்டாபேஸ்கள் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் செய்யும். அதனால் எழுந்ததும் அந்தக் குறிப்பேட்டைப் படித்து, உறுதியான பதிவுகளை எல்லாம் மீட்டுவிடும். பொறியியலின் அருமையான சாதனை இது. ஆனால் இதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. தானாக எழுந்துவிடுவதால், ஏன் விழுந்தது என்று தேடும் அவசரம் போய்விடுகிறது.

மக்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது? பாதியில் நின்ற வேலை பாதியிலேயே போய்விடும். போஸ்ட்கிரெஸில் ஒருவருடைய இணைப்பைக் கவனிக்கும் புரோசஸ் இப்படி விழுந்தால், பாதுகாப்புக்காக மற்ற எல்லோருடைய இணைப்பையும் துண்டித்துவிட்டுத்தான் மீட்பு வேலையே தொடங்கும். வங்கிக் கணக்கில் பணம் கழிந்திருக்கும். இந்தப் பக்கம் ரசீது பதிவாகியிருக்காது. “பணம் போச்சு, ரசீது வரல” என்ற புகாருக்குப் பின்னால் இப்படியும் ஒரு காரணம் இருக்க முடியும்.

கோர் டம்ப் என்பது என்ன?

ஒரு குற்றம் நடந்த இடத்தில் போலீஸ் முதலில் என்ன செய்கிறது? எதையும் நகர்த்தாமல், சாட்சிகள் முன்னிலையில் மகஜர் எழுதுகிறது. கதவு திறந்திருந்ததா, கத்தி எந்தப் பக்கம் கிடந்தது, கடிகாரம் எத்தனை மணியில் நின்றது. இடத்தைக் கழுவிவிட்ட பிறகு எழுதினால் அதற்கு மதிப்பே இல்லை.

கோர் டம்ப் என்பது புரோகிராம் செத்த நொடியின் மகஜர். அந்த நேரத்தில் அதன் மெமரியில் என்னென்ன இருந்தன, எத்தனை வேலைகள் ஒரே சமயத்தில் ஓடின, ஒவ்வொன்றும் கோடில் எந்த வரியில் நின்றது என்பதையெல்லாம் கெர்னல் அப்படியே டிஸ்கில் ஒரு கோப்பாக இறக்கி வைக்கும். ரீஸ்டார்ட் என்பது சம்பவ இடத்தைக் கழுவி விடுவது. டம்ப் எடுக்காமல் ரீஸ்டார்ட் செய்தால் சர்வர் ஓடும், தடயம் போய்விடும்.

“அதான் லாக் இருக்கே?” என்று ஐடி நண்பர்கள் கேட்பார்கள். லாக் என்பது சாட்சி சொல்வது மாதிரி. எதைச் சொல்ல வேண்டும் என்று புரோகிராமர் முன்பே யோசித்து எழுதி வைத்தாரோ அதை மட்டும்தான் அது சொல்லும். எதிர்பாராத சாவைப் பற்றி யாரும் முன்கூட்டியே வாக்குமூலம் எழுதி வைப்பதில்லை. மைஎஸ்க்யூஎல் விழும்போது சிக்னல் எண்ணையும் சில வரித் தடத்தையும் எரர் லாகில் எழுத முயலும். பல நேரம் அதுவே போதும். போதாத நேரத்தில், எந்த மதிப்பு தவறாக இருந்தது, வேறு எந்த வேலை அதே நேரத்தில் குறுக்கே வந்தது என்பதை அந்தச் சில வரிகள் சொல்லாது. டம்ப் சொல்லும்.

டம்ப்பைப் படிக்க ஜிடிபி என்றொரு கருவி உண்டு. (நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இது டீபக்கர்.) அதில் ‘பேக்டிரேஸ்’ கேட்டால், கடைசியாக ஓடிய ஃபங்ஷன், அதைக் கூப்பிட்ட ஃபங்ஷன், அதையும் கூப்பிட்ட ஃபங்ஷன் என்று பட்டியல் வரும். வில்லங்கச் சான்றிதழில் இப்போதைய உரிமையாளரிடம் தொடங்கிப் பின்னோக்கிப் போவோமே, அதே மாதிரி. எந்தக் கைமாற்றத்தில் வில்லங்கம் நுழைந்தது என்று கண்ணில் படும்.

‘கோர்’ என்ற பெயருக்குப் பின்னால்...

கோர் என்றதும் பிராசஸர் கோர் என்று நினைக்காதீர்கள். 1950, 60-களில் கம்ப்யூட்டரின் மெமரி என்பது கம்பிகளில் கோத்த குட்டிக் குட்டி காந்த வளையங்கள். ஒரு வளையத்துக்கு ஒரு பிட். அந்த வளையத்தின் பெயர்தான் கோர். மெமரியில் உள்ளதை அப்படியே கொட்டி எடுத்தால் அது கோர் டம்ப். வளையங்கள் போய்விட்டன, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இந்தியாவுக்கும் அந்தக் கதையில் இடம் உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உள்நாட்டிலேயே வடிவமைத்து 1960-ல் இயக்கத்துக்கு வந்த டிஃப்ராக் கம்ப்யூட்டரில் இருந்தது இந்தக் காந்த வளைய மெமரிதான். சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன் அந்தக் குழுவை வழிநடத்தினார். 1962-ல் அதற்குப் பெயர் சூட்டியவர் பிரதமர் நேரு. அதன் மெமரி 2,048 சொற்கள், சொல்லுக்கு 40 பிட். கணக்குப் போட்டால் மொத்தம் 10 கேபி. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ஸ்டிக்கர்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும்.

இன்று ஒரு நடுத்தர டேட்டாபேஸ் சர்வரில் 64 ஜிபி மெமரி இருப்பது சாதாரணம். அந்த 10 கேபியோடு ஒப்பிட்டால் அறுபது லட்சம் மடங்குக்கும் மேல். கோர் டம்ப்பை ஆஃப் செய்து வைக்கும் பழக்கம் ஏன் வந்தது என்பதற்கு விடை இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

அப்புறம் ஏன் ஆஃப் பண்ணி வைக்கிறார்கள்?

முதல் காரணம் இடம். 64 ஜிபி மெமரி என்றால் மோசமான நிலையில் டம்ப்பும் அந்த அளவுக்கு வரும். இரண்டு மூன்று முறை விழுந்தால் டிஸ்க் நிரம்பி, அதனாலேயே சர்வர் மறுபடியும் படுக்கும்.

இரண்டாவது நேரம். நொடிக்கு 500 எம்பி எழுதும் டிஸ்கில் 64 ஜிபியை இறக்க இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். நொடிக்கு 150 எம்பி எழுதும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஏழு நிமிடத்துக்கு மேல். அது முடியும்வரை சர்வர் எழாது. கவுன்டரில் கூட்டம் கத்தும்போது ஏழு நிமிடம் என்பது பெரிய நேரம்தான்.

மூன்றாவது காரணம் பாதுகாப்பு. இது உண்மையிலேயே கனமான காரணம் என்பதால் கீழே தனியாகப் பார்ப்போம்.

இதனால்தான் பல லினக்ஸ் அமைப்புகளில் கோர் கோப்புக்கான அளவு வரம்பு இயல்பாகவே பூஜ்யம் என்று வருகிறது. எல்லாப் புரோகிராமுக்கும் பொதுவான அந்த இயல்புநிலையில் தவறில்லை. ஒரு மாவட்டத்தின் பத்திரங்களைத் தாங்கும் டேட்டாபேஸுக்கும் அதே பூஜ்யத்தை யோசிக்காமல் விட்டுவைப்பதுதான் தவறு. ஒருமுறை ஏழு நிமிடம் கூடுதலாகக் காத்திருந்து காரணம் தெரிந்துவிட்டால், அடுத்த பத்து முறை விழாமல் தடுக்கலாம். காரணம் தெரியாவிட்டால் பத்து முறையும் அதே கூட்டம் அதே பெஞ்சில் உட்கார வேண்டும்.

பாலசமுத்திரத்துக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். பக்கத்தில் பாலாறு பொருந்தலாறு அணை இருக்கிறது. அங்கே கரையில் ஒரு இடத்தில் ஈரம் கசிந்தால், மண்ணைப் போட்டு மூடிவிட்டு வந்துவிடுவார்களா? எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்று அளந்த பிறகுதானே கைவைப்பார்கள்?

டம்ப் பேசிய நாள்

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? உலகம் முழுக்க விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றன. நம் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்தான் காரணம். இந்திய நேரப்படி காலை 9:39-க்கு அனுப்பியதை 10:57-க்குத் திரும்பப் பெற்றார்கள். 78 நிமிடம். அதற்குள் சுமார் 85 லட்சம் கருவிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது.

அங்கே விழுந்தது டேட்டாபேஸ் இல்லை, விண்டோஸ். ஆனால் நோய் அதே வகை: தனக்கு இல்லாத மெமரியைப் படிக்க முயன்றது. காரணத்தை ஊகத்தில் விடவில்லை. விழுந்த கம்ப்யூட்டர்களின் கிராஷ் டம்ப்புகளை மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் திறந்து படித்து, தவறான மெமரி வாசிப்பு எந்த டிரைவரில் நடந்தது என்பதைப் பொதுவெளியில் விளக்கினார்கள். ஆகஸ்ட் 6-ம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் மூலக்காரண அறிக்கையை வெளியிட்டது. ஒரு பக்கம் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. இன்னொரு பக்கம் கொடுத்தது 20. இல்லாத 21-வதைத் தேடிப் போனதில் மொத்தமும் விழுந்தது.

விபத்து நடந்த மூன்று வாரத்துக்குள், எண்களோடு, இதுதான் தப்பு என்று சொல்ல முடிந்தது. அந்த நிறுவனத்துக்கு இது பெரிய அவமானம்தான். இருந்தாலும் அதே தவறு மறுபடி நடக்காது என்று நம்ப ஒரு ஆதாரம் கிடைத்தது. “தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது” என்ற ஒற்றை வரியில் அந்த ஆதாரம் கிடைக்காது.

டம்ப்பே ஆபத்தானால்?

இப்போது அந்தக் கனமான எதிர்வாதம். மெமரியில் உள்ள எல்லாமே டம்ப்பில் வரும் என்றால், உங்கள் பெயர், ஆதார் எண், மொபைல் எண், சில நேரம் பாஸ்வேர்டு, மறையாக்கச் சாவி வரை அதில் வரலாம். டேட்டாபேஸை ஆயிரம் பூட்டுப் போட்டுப் பாதுகாத்துவிட்டு, அதன் நகலை ஒரு மூலையில் கோப்பாகப் போட்டுவைத்தால் பூட்டுக்கு என்ன அர்த்தம்?

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2023-ல் சீனாவோடு தொடர்புடைய ஹேக்கர்கள் மைக்ரோசாஃப்டின் ஒரு கையொப்பச் சாவியை வைத்துக்கொண்டு 22 அமைப்புகளைச் சேர்ந்த 500-க்கும் மேற்பட்டவர்களின் மின்னஞ்சல்களுக்குள் புகுந்தார்கள். அமெரிக்க வர்த்தக அமைச்சரின் மின்னஞ்சலும் அதில் உண்டு. 2021 ஏப்ரலில் ஒரு சிஸ்டம் விழுந்தபோது எடுத்த கிராஷ் டம்ப்பில் அந்தச் சாவி தெரியாமல் சிக்கியிருக்கலாம், அந்த டம்ப் பிரித்துப் பார்ப்பதற்காக இன்டர்நெட் இணைப்புள்ள அலுவலக நெட்வொர்க்குக்குப் போயிருக்கலாம் என்று 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் சொன்னது. பிறகு 2024 மார்ச்சில், அந்தச் சாவி இருந்த டம்ப் எதுவும் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டது. சாவி எப்படித்தான் போனது என்பது உறுதியாகவில்லை. ஆனால் டம்ப் வழியாகப் போக முடியும் என்பதை அந்த நிறுவனமே ஏற்றது.

நம் நாட்டிலும் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தரவைக் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு.

அப்படியானால் டம்ப் வேண்டாம் என்பதுதான் முடிவா? நான் அப்படி நினைக்கவில்லை. பிரேதப் பரிசோதனையில் அந்தரங்கம் இருக்கிறது என்பதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்வதில்லை. யார் செய்யலாம், எங்கே செய்யலாம், அறிக்கை யார் கைக்குப் போகும் என்று விதி வைக்கிறோம். டம்ப்புக்கும் அதுவே பொருந்தும். தொழில்நுட்பமும் இதற்கு உதவுகிறது. டேட்டாபேஸ் மெமரியில் பெரும்பகுதி, மக்களின் தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ‘பஃபர் பூல்’. 2019 ஜனவரியில் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0.14 முதல், அந்தப் பகுதியை மட்டும் டம்ப்பில் சேர்க்காமல் விட ஒரு ஆப்ஷன் இருக்கிறது. டம்ப்பின் அளவு வெகுவாகக் குறையும், எழுதும் நேரம் குறையும், தனிநபர் தரவும் பெருமளவு வெளியே நிற்கும். முழுவதும் நிற்காது, ஓடிக்கொண்டிருந்த வேலையின் தரவு கொஞ்சம் இருக்கும். அதனால் பூட்டும் வேண்டும்.

ஆன் செய்வது எப்படி?

சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு சுருக்கமான செக்லிஸ்ட். எல்லாமே சர்வர் விழுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை. விழுந்த பிறகு ஆன் செய்தால் அடுத்த சாவுக்குத்தான் உதவும்.

● வரம்பைத் தூக்குங்கள்: ‘யூலிமிட்’டில் கோர் அளவு பூஜ்யமா என்று பாருங்கள். சிஸ்டம்டி வழியாக ஓடும் டேட்டாபேஸ் என்றால், டெர்மினலில் மாற்றினால் போதாது. அந்த சர்வீஸ் கோப்பிலேயே ‘லிமிட்கோர்’ வரியைச் சேர்க்க வேண்டும். மைஎஸ்க்யூஎல், மரியாடிபியில் ‘கோர்-ஃபைல்’ ஆப்ஷனையும் கான்ஃபிக் கோப்பில் போட வேண்டும்.

● எங்கே விழ வேண்டும் என்று சொல்லுங்கள்: கெர்னலின் ‘கோர் பேட்டர்ன்’ செட்டிங்தான் கோப்பின் இடத்தைத் தீர்மானிக்கும். டேட்டா இருக்கும் டிஸ்கிலேயே விழவிடாதீர்கள். தனிப் பார்ட்டிஷன் கொடுத்து, கடைசி இரண்டு மூன்று டம்ப்புகளை மட்டும் வைத்திருக்கச் செய்யுங்கள். உபுண்டுவில் ‘அப்போர்ட்’ என்ற புரோகிராம் டம்ப்பைத் தன் பக்கம் வாங்கிக்கொள்ளும் என்பதையும் கவனியுங்கள்.

● யூசர் மாறினால் கவனம்: ரூட்டாகத் தொடங்கி வேறு யூசராக மாறும் புரோகிராமுக்குப் பாதுகாப்பு கருதி கெர்னல் டம்ப் எடுக்காது. அதற்கென்று ‘எஸ்யுஐடி டம்பபிள்’ என்ற தனி செட்டிங் இருக்கிறது. எல்லாம் சரியாக வைத்தும் டம்ப் வரவில்லை என்று குழம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

● டீபக் சிம்பல்கள்: ஓடும் வெர்ஷனுக்குச் சரியாகப் பொருந்தும் சிம்பல் பேக்கேஜை எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் பேக்டிரேஸில் ஃபங்ஷன் பெயருக்குப் பதில் வெறும் எண்கள்தான் தெரியும்.

● கன்டெய்னரா? ‘கோர் பேட்டர்ன்’ என்பது கன்டெய்னருக்குள் அல்ல, அதைத் தாங்கும் மெஷினின் கெர்னலில் இருப்பது. பாட் செத்தால் உள்ளே இருந்த டம்ப்பும் சேர்ந்து போய்விடும். வெளியே நிற்கும் வால்யூமில் எழுத ஏற்பாடு செய்யுங்கள்.

● வேண்டுமென்றே விழவையுங்கள்: டெஸ்ட் சர்வரில், டெஸ்ட் சர்வரில் மட்டும், டேட்டாபேஸுக்கு சிக்னல் 11 அனுப்பிப் பாருங்கள். டம்ப் வருகிறதா, திறக்கிறதா, எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். தீயணைப்பு ஒத்திகை மாதிரிதான்.

● பூட்டுங்கள், அழியுங்கள்: கோப்பை மறையாக்கம் செய்து, திறக்கும் உரிமையை ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் கொடுங்கள். லேப்டாப்புக்கு இறக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். வெளியே யாரிடமாவது உதவி கேட்பதென்றால், டம்ப்பைக் கொடுக்காமல் பேக்டிரேஸை மட்டும், அதிலும் தனிநபர் தரவு இருக்கிறதா என்று பார்த்து நீக்கிய பிறகு கொடுங்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லா விழுகைக்கும் டம்ப் வராது. மெமரி பற்றாமல் கெர்னலே ஏதாவது ஒரு புரோகிராமைக் கொல்வதுண்டு. அது அனுப்புவது சிக்னல் 9. அதற்கு டம்ப் கிடையாது, கெர்னல் லாகில்தான் தேட வேண்டும். கிளவுட் நிறுவனமே நிர்வகிக்கும் டேட்டாபேஸ் என்றால் உள்ளே இறங்கி டம்ப் எடுக்கும் உரிமையே பொதுவாக உங்களிடம் இருக்காது. அங்கே உங்கள் கருவி ஒப்பந்தம்தான். விழுந்தால் எத்தனை நாளில் காரணம் சொல்வீர்கள் என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.

பங்குச்சந்தைக்கு ஒரு நியாயம், பத்திரத்துக்கு ஒரு நியாயமா?

2021 பிப்ரவரி 24 அன்று தேசிய பங்குச்சந்தை காலை 11:40-க்கு நின்றது. மாலை 3:45-க்குத் திரும்பத் தொடங்கி, வழக்கத்துக்கு மாறாக 5 மணி வரை நடந்தது. தொலைத்தொடர்பு இணைப்புகளில் தொடங்கிய கோளாறு, ஸ்டோரேஜ் சிஸ்டம் வரை போய், இடர் மேலாண்மை அமைப்பை முடக்கியது. அது கோர் டம்ப் சொல்லக்கூடிய வகைக் கோளாறு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கண்காணிப்பு எப்படி இறுகியது என்பது நமக்கு முக்கியம். அதே ஆண்டு ஜூலையில் சந்தைகளுக்கும், 2022 நவம்பரில் புரோக்கர்களுக்கும் செபி விதி வகுத்தது. புரோக்கரின் சிஸ்டம் தொடர்ந்து ஐந்து நிமிடம் கோளாறானாலே அது கணக்கில் வரும். ஒரு மணி நேரத்துக்குள் தகவல், அடுத்த வர்த்தக நாளுக்குள் முதல்கட்ட அறிக்கை, 14 நாளுக்குள் மூலக்காரண அறிக்கை என்று அந்தச் சுற்றறிக்கை கேட்டது.

காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்தால், தடயத்தைச் சேமிக்கும் பழக்கம் தானாக வரும். 14-வது நாள் வெறுங்கையோடு போய் நிற்க யாருக்குத்தான் பிடிக்கும்?

ஷேர் வாங்குகிறவருக்கு ஐந்து நிமிடத் தடங்கலுக்கே இவ்வளவு மரியாதை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு பத்து சென்ட் வாங்குகிறவருக்கும், கூலி வேலையை விட்டுவிட்டு ரேஷன் கடையில் கைரேகை வைக்க நிற்கிறவருக்கும் ஏன் அது இல்லை? மக்கள் சேவை தரும் ஒவ்வொரு தளத்துக்கும் இதேபோன்ற விதியைத் தமிழக அரசு கொண்டுவர வேண்டும். டம்ப்பை வெளியிடச் சொல்லவில்லை. அது கூடவே கூடாது. எந்த நேரம் விழுந்தது, எவ்வளவு நேரம் நின்றது, காரணம் என்ன, என்ன மாற்றினோம் என்று ஒரு பக்கத்தில், புரியும் தமிழில் எழுதிப் போட்டால் போதும்.

“சொன்னால் ஹேக்கருக்கு வழி காட்டியதாகிவிடும்” என்பார்கள். ஓட்டையை அடைத்த பிறகு சொல்லச் சொல்கிறோம். “கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்கிறார்” என்பார்கள். அப்படியானால் டம்ப் எடுப்பதும் மூலக்காரண அறிக்கை தருவதும் டெண்டர் நிபந்தனையிலேயே இருக்கட்டும். சர்வர் எத்தனை சதவீதம் ஓட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறவர்கள், விழுந்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பதில் என்ன சிரமம்?

அரசு தானாகச் செய்யும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்: குறிப்பிட்ட நாளில் உங்கள் சேவை எத்தனை நிமிடம் நின்றது, அதற்கு மூலக்காரண அறிக்கை தயாரித்தீர்களா, நகல் தர முடியுமா? 30 நாளில் பதில் தர வேண்டும். வணிக ரகசியம் என்று சில பகுதிகளை மறுக்கலாம். ஆனால் “அறிக்கை தயாரிக்கவில்லை” என்று பதில் வந்தால், அதுவே ஒரு செய்தி.

ஐடி வேலையில் இருப்பவர்கள் இதைவிடச் சின்னதாகத் தொடங்கலாம். கோவையிலோ சென்னையிலோ, பாலசமுத்திரத்தில் வீட்டிலிருந்தோ, எந்தக் கம்பெனியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டாலும், நாளைக்கு லாகின் செய்ததும் அந்த ‘யூலிமிட்’ மதிப்பைப் பாருங்கள். பூஜ்யம் என்று காட்டினால், “போன தடவை ஏன் விழுந்துச்சு?” என்று டீமில் கேளுங்கள். மரியாடிபியும் போஸ்ட்கிரெஸும் திறந்த மூலம் என்பதால், நீங்கள் அனுப்பும் ஒரு நல்ல பேக்டிரேஸ் உலகத்தில் வேறு எங்கோ ஒரு மருத்துவமனையின் சர்வர் விழாமலும் காப்பாற்றலாம். “ரீஸ்டார்ட் பண்ணிட்டோம்” என்பது வேலையின் முதல் பாதி. இரண்டாவது பாதியைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.